மாமியார் பெயர்

யோத்தாம் லுஹங்காவிடம் ஆடு என்று சொன்னால் போதும், முகம் சுண்டிவிடும். ஊர்க்காரர்களுக்கு இது தெரியும். தெரிந்தேதான் கேட்பார்கள். "என்னப்பா யோத்தாம், இந்த வருஷமாச்சும் ஆடு மலையேறுமா?" அவன் தன் வண்டிச் சக்கரத்தை ஒரு உதை உதைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வான். சக்கரம் என்ன பாவம் செய்தது என்று கேட்க அந்த ஊரில் ஆளில்லை.

விஷயம் இதுதான். அவன் சாம்பியா பக்கத்து ஆள். அவன் மனைவி தவோங்கா மலாவி பக்கத்துப் பெண். நடுவில் கிடப்பது சிவோசி மேடு. புல்லும் பனியும் வரிக்குதிரையுமாக, இரண்டு நாடுகளும் சேர்ந்து காக்கிற வனம். மேட்டின் இந்தச் சரிவில் இருப்பவர்களும் அந்தச் சரிவில் இருப்பவர்களும் ஒரே தும்புகா ஜனம்தான். ஒரே பேச்சு, ஒரே மக்காச்சோளக் களி, சாவு வீட்டில் ஒரே பாட்டு. யாரோ எங்கோ உட்கார்ந்து கோடு போட்டபோது இவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு பக்கமும் இரண்டு விதமாகச் சொல்லி அடித்துக்கொண்டிருப்பார்கள், அது வேறு.

இந்த ஜனத்தில் மருமகனும் மாமியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. அவள் எதிரே வந்தால் அவன் பாதையைவிட்டு இறங்கிப் புல்லுக்குள் நிற்க வேண்டும். அவள் கண்ணெதிரே சாப்பிடக் கூடாது. நேராக ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவள் பெயரை வாயால் சொல்லவே கூடாது. இது பகையில்லை, மரியாதை. மரியாதை அளவுக்கு மீறினால் என்ன பாடு படலாம் என்பதற்கு யோத்தாமே சாட்சி. இதற்கு ஒரு முடிவும் உண்டு. மருமகன் தன் பட்டியில் பிறந்து வளர்ந்த ஆடு ஒன்றை மாமியார் வீட்டில் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். அதைச் சமைத்து, அவள் தன் கையாலேயே களி போட்டு அவன் முன்னே வைத்துவிட்டால், அன்றோடு இந்தக் கண்ணாமூச்சி தீர்ந்தது. மற்றவர்கள் கல்யாணமான மறுவருஷமே முடித்துவிடுகிற காரியம். யோத்தாமுக்குப் பதினான்கு வருஷமாகியும் முடியவில்லை. வனவாசம்தான், அதுவும் ஒரு வனத்தாலேயே.

முதல் தடவை ஆட்டைப் பிடித்துக்கொண்டு நேராக மேட்டுப் பாதையில் போனான். வனத்தின் வாசலில் தடுத்தார்கள். வளர்ப்புப் பிராணி உள்ளே போனால் காட்டு மிருகங்களுக்கு நோய் தொற்றுமாம்.

"இது நோயில்லாத ஆடு சார்."

"எந்த ஆட்டுக்காரன்யா என் ஆடு சீக்காளின்னு சொல்லியிருக்கான்?"

இரண்டாம் தடவை, வனமே வேண்டாமென்று லுண்டாசி ஊர் வழியாகப் பெரிய எல்லைச் சாவடிக்குச் சுற்றிக்கொண்டு போனான். இந்தப் பக்கத்துக் கால்நடை டாக்டர் கொடுத்த சான்று அந்தப் பக்கத்தில் செல்லாது என்றார்கள். அந்தப் பக்கத்து டாக்டர் பார்க்க வேண்டும். அவர் வாரத்தில் ஒரு நாள் வருவார், அந்த வாரம் வரவில்லை. சாவடி ஓரத்தில் கட்டிக் கிடந்த ஆடு எதையோ தின்று வயிறு ஊதிச் செத்துப்போனது. மூன்றாம் தடவை ரொம்பப் புத்திசாலியாக, அந்தப் பக்கத்துச் சந்தையிலேயே ஓர் ஆட்டை வாங்கிக்கொண்டு மாமனார் முற்றத்தில் போய் நின்றான். மாமனாரின் தம்பி எலியா மிசிஸ்கா ஆட்டைச் சுற்றி வந்து பார்த்தார். அந்தக் குடும்பத்தில் வாயாடி அவர்தான்.

"இது பக்கத்துத் தெரு ஆடுல்ல? இதோட அம்மாவையே எனக்குத் தெரியுமே. எங்க ஊரு ஆட்டையே வாங்கி எங்களுக்கே மொய் வெக்கிறியா, மாப்பிள்ள?"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அப்புறம் பெருநோய்க் காலம் வந்து எல்லையையே மூடிவிட்டார்கள். அப்புறம் மாமனார் போய்ச் சேர்ந்தார், துக்கத்தில் விருந்து ஆகாது. அப்புறம் யோத்தாமுக்கே விட்டுப்போயிற்று.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போல, அவன் பிழைப்பே அந்தக் கோட்டின்மேல்தான். மேட்டின் உச்சியில் இருக்கும் விருந்தினர் விடுதிக்கு அவன் டிரைவர். பயணிகளை ஏற்றிக்கொண்டு நாளெல்லாம் இரண்டு நாடுகளுக்கும் நடுவே ஊசியும் நூலுமாகப் போய் வருவான். எல்லையைக் காட்டுவதற்கு வெள்ளையடித்த கல் ஒன்று நட்டிருக்கிறது. பயணிகள் கல்லுக்கு இப்பால் ஒரு காலும் அப்பால் ஒரு காலும் வைத்துக்கொண்டு பல்லைக் காட்டுவார்கள். யோத்தாம்தான் போட்டோ எடுத்துக் கொடுக்க வேண்டும். "இவங்க ரெண்டு காலை ரெண்டு நாட்டுல வெக்கறதுக்கு நான் போட்டோ புடிக்கிறேன். ஒரு ஆட்டோட நாலு காலை அந்தப் பக்கம் வெக்க எனக்கு வக்கில்ல" என்று விடுதிச் சமையல்காரனிடம் புலம்புவான். வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்களும் வந்து அந்தக் கல்லருகே கைகுலுக்குவார்கள். வனத்தின் வாசலில் 'இயற்கைக்கு எல்லை இல்லை' என்று பலகைகூட வைத்திருக்கிறார்கள். பலகை திறந்த அன்று தூறல். குடை பிடித்தது யோத்தாம்.

இந்தக் குளிர்காலத்தில் தவோங்காவுக்கு நாலாவது பிரசவம். மகளைப் பார்த்துக்கொள்ள மாமியார் மேடு தாண்டி வந்து சேர்ந்தாள். வனவாசலில் இருக்கும் கிழவர் மக்காண்டவிரே எல்லாரையும் தெரிந்தவர், கையை அசைத்தே விட்டுவிட்டார். அன்றிலிருந்து யோத்தாம் தன் வீட்டிலேயே அந்நியன். வீட்டுக்குள் நுழையுமுன் இரண்டு தரம் செருமுவான். உள்ளே துணி சரசரக்கும், பின்கதவு சாத்தும் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகுதான் காலை உள்ளே வைப்பான். சாப்பாடு அடுப்படிக்குப் பின்னால், விறகுக் குவியலோடு. இத்தனைக்கும் மாமியார்மேல் அவனுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இரவில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பாடும்போது, சுவருக்கு இந்தப் பக்கம் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பான். நல்ல குரல். அதைச் சொல்லக்கூட வழியில்லையே என்று ஆத்திரமாக வரும்.

ஒரு நாள் விடிந்ததும் விடியாததுமாகச் செய்தி வந்தது. மாமியாரின் அண்ணன் இறந்துவிட்டார். அன்று மாலையே அடக்கம். மேட்டின் அந்தப் பக்கத்து அடிவாரத்தில் ஊர். வனப் பாதையில் போனால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். பெரிய சாவடி வழியாகச் சுற்றினால் மறுநாள்தான்.

பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தவோங்கா சொன்னாள்: "என்னங்க, நீங்கதான் அம்மாவக் கூட்டிட்டுப் போகணும்."

"நானா? நடுவுல பேச யாரு இருக்கா?"

"யாரு இருக்கா, எல்லாரும் சோளக் காட்டுல கெடக்காங்க. அம்மா பின்சீட்டுல உக்காரட்டும். சாவு வீட்டுக்குன்னு ஒரு கோழி புடிச்சுத் தரேன். திரும்பிப் பாக்காம ஓட்டுங்க, அவ்ளோதான்."

"பின்னாடி பாக்குற கண்ணாடி?"

"அத மேல பாத்துத் திருப்பி வெச்சிருங்க. அண்ணன் மொகத்தக் கடைசியா ஒரு தரம் பாக்கணுங்க அவங்க. அவங்கள வளத்ததே அவருதான்."

விடுதியில் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். மாமியார் தலையோடு இடுப்பில் சுற்றுகிற சித்தெஞ்சேத் துணி ஒன்றைப் போர்த்திக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். மடியில் கால் கட்டிய கோழி. அவசரத்தில் அவளுடைய அடையாள அட்டை குழந்தையின் துணிமூட்டையோடு தங்கிவிட்டது. அது பாதி மலை ஏறிய பிறகுதான் தெரிந்தது. அதைத் தெரிவித்த விதம் இப்படி:

"கோழியே, என் அட்டைய வெச்சுட்டு வந்துட்டேன் போலிருக்கே."

யோத்தாம் ஸ்டீயரிங்கைப் பார்த்துச் சொன்னான்: "வண்டியே, கவலப்படாத. வாசல்ல மக்காண்டவிரே இருப்பாரு."

கொஞ்ச தூரம் போன பிறகு பின்னாலிருந்து மறுபடியும் குரல் வந்தது. இந்தத் தரம் குரல் உடைந்திருந்தது.

"கோழியே, மண்ணு போட்டப்புறம் போனா மொகம் பாக்க முடியாது. அப்புறம் கூட வந்தவங்க யாராவது குழி ஓரத்துல நின்னு, இன்னார் வந்திருக்காங்கன்னு பேர் சொல்லி எங்க அண்ணனுக்கு அறிவிக்கணும். ஊரான் சாவுக்கு வந்த மாதிரி. அந்த நெலம எனக்கு வேணாம் கோழியே."

"வண்டியே, இன்னும் கொஞ்சம் அழுத்திப் போ" என்றான் யோத்தாம்.

வனத்தின் வாசலில் மக்காண்டவிரே இல்லை. அவர் உட்காரும் நாற்காலியில், தெற்கே எங்கோ தூரத்து நகரத்திலிருந்து மாற்றலாகி வந்த புது அதிகாரி உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை.

"மக்காண்டவிரே எங்க சார்?"

"லீவு. ஏதோ சாவுக்குப் போயிருக்கார்."

"ஐயோ, அதே சாவுக்குத்தான் சார் நாங்களும் போறோம்!"

"அப்படியா" என்றார் அதிகாரி, நம்பாமல். "பின்னால யாரு?"

"என் மாமியார்."

"அட்டை?"

"மறந்துட்டாங்க சார்."

"சரி. உள்ளூர் ஆளுங்களுக்கு அட்டை இல்லாட்டியும் ஒரு நாள் அனுமதி தரலாம். ஆனா பெண்களைக் கடத்திட்டுப் போறானுங்கன்னு புது உத்தரவு வந்திருக்கு. டிரைவர் தன் வாயால பேர், உறவு ரெண்டும் சொல்லணும். உறவு சொல்லிட்ட. பேர் சொல்லு."

"அத நான் சொல்லக் கூடாது சார்."

"ஏன்?"

"மாமியார் சார்."

"மாமியார்னா?"

வானம் ஏன் மேலே இருக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வது? "நான் அந்த மரத்துக்குப் பின்னால போயிடறேன் சார், நீங்க அவங்களையே கேட்டுக்கங்க. நான் காதுபடற தூரத்துல இருந்தா அவங்களும் சொல்லக் கூடாது."

"டிரைவர் வண்டிய விட்டு நகரக் கூடாது."

"அப்ப அவங்கள உள்ளாற அறைக்குக் கூட்டிட்டுப் போய்க் கேளுங்க."

"பெண் ஊழியர் இல்லாம ஒரு பெண்ணைத் தனியா உள்ள கூட்டிட்டுப் போகக் கூடாது."

"பெண் ஊழியர் எங்க சார்?"

"அவங்களும் அந்தச் சாவுக்குத்தான்."

"போன் போட்டுக் கேக்கலாமே சார்."

"இங்க டவர் இல்லைன்னு உனக்குத் தெரியாதா?"

ஒவ்வொரு விதியும் தனியாக எடுத்துப் பார்த்தால் நியாயமானதுதான், அதுதான் கொடுமை. அந்த ஆளும் கெட்டவரில்லை, லஞ்சம் கேட்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, சண்டை போட்டிருக்கலாம். யோத்தாம் வெளியே பார்த்தான். பனி விலகி வெயில் புல்லில் இறங்கிவிட்டது. அந்தப் பக்கத்து ஊரில் இந்நேரம் குழி வெட்ட ஆரம்பித்திருப்பார்கள். பின்சீட்டில் துணிக்குள் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

சரி, போகட்டும் என்று முடிவு செய்தான். ஊர் காறித் துப்பட்டும், அபராதம் போடட்டும். கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் குலப் பெயரைச் சொன்னான்.

"நியாமுந்தலி."

பின்னால் கோழி கத்தியது. அவள் கை அதை இறுக்கியிருக்க வேண்டும். பதினான்கு வருஷத்து மரியாதை அந்த ஒரு சொல்லில் போயிற்று.

அதிகாரி பேனாவைக் கீழே வைக்கவில்லை. "முந்தலி வீட்டுப் பொண்ணு. இந்த மேட்டைச் சுத்தி அந்தப் பேர்ல நூறு பேர் இருப்பாங்க. சொந்தப் பேர் என்ன?"

யோத்தாம் வாயைத் திறந்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவனுக்குத் தெரியாது. கல்யாணத்தில் எல்லாப் பேச்சும் நடுவில் நின்ற ஆள் பேசி முடித்தது. தவோங்காவுக்கு அவள் அம்மா. ஊருக்கு அவள் தவோங்கா அம்மா. அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்களே தவிர, எந்தப் பெயரை என்று ஒருவரும் சொல்லவில்லை. அவனும் கேட்டதில்லை. சொல்லக் கூடாததை எதற்குக் கேட்பானேன்?

"தெரியாது சார்."

"சொந்த மாமியார்ங்கற. பேர் தெரியாதா?"

"தெரியாது."

அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார். "டிரைவர், பொய் சொல்றதுன்னா கொஞ்சம் ஒழுங்காச் சொல்லணும். வண்டிய ஓரமாப் போடு. சாயங்காலம் மாவட்டத்துலேருந்து போலீஸ் வண்டி வரும். அவங்க விசாரிக்கட்டும்."

யோத்தாம் கெஞ்சினான். பிறகு கத்தினான். தலைவர்கள் கைகுலுக்கியதையும் தான் குடை பிடித்ததையும் சொன்னான், பலகையைக் கையால் அடித்துக் காட்டினான். அதிகாரி பலகையை நிமிர்ந்து படித்துவிட்டு, "இது இயற்கைக்கு" என்றார். யோத்தாம் வண்டியை ஓரமாக நிறுத்தி ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நிழல் மரத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போகிறவரை அப்படியே கிடந்தான். அழுகையாக வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

பின்கதவு திறந்தது. செருப்புச் சத்தம் மேஜை வரைக்கும் போனது. யோத்தாம் பழக்க தோஷத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டான், ஆனால் காதை என்ன செய்வது?

"எழுதிக்கப்பா. எசினாத்தி. எசினாத்தி நியாமுந்தலி. அவன் என் மாப்பிள்ளை யோத்தாம் லுஹங்கா. அவன் பொய் சொல்லல. அவனுக்கு எம் பேர் தெரியாது. தெரியாம வெச்சதே நாங்கதான்."

அதிகாரி எழுதினார். என்ன தோன்றியதோ, எழுந்து நின்றுகொண்டே எழுதினார். சீட்டைக் கிழித்துக் கொடுத்தபோது அவள் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டார்.

"அம்மா, மன்னிக்கணும். கோழிய உள்ள விடக் கூடாது."

அவள் கோழியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்து ஏறினாள்.

வண்டி புல்வெளிக்குள் ஓடியது. இருவருக்கும் நடுவே இப்போது கோழியும் இல்லை. பிறகு பின்னாலிருந்து, நேராக அவன் பிடரிக்கு:

"வேகமாப் போ மாப்பிள்ள."

"சரிங்க அத்த" என்றான். வரிக்குதிரைக் கூட்டம் ஒன்று பாதையில் அசையாமல் நின்றது. வாழ்நாளில் முதல் தடவையாக அவன் காட்டு மிருகத்தைப் பார்த்து ஹாரன் அடித்தான். விடுதிக்குத் தெரிந்தால் வேலை போகும்.

அடிவாரத்து ஊருக்குள் நுழையும்போது எதிரே இடுகாட்டிலிருந்து ஜனம் திரும்பிக்கொண்டிருந்தது. மண்வெட்டிகள் தோளில். கூட்டத்தில் மக்காண்டவிரே இருந்தார், கை கழுவிக்கொண்டிருந்த எலியா மிசிஸ்கா இருந்தார். எலியா வண்டியைப் பார்த்தார். முன்சீட்டில் மருமகனும் பின்சீட்டில் முக்காடில்லாத மாமியாரும் இருப்பதைப் பார்த்தார்.

"இப்ப வர்றீங்க? முடிஞ்சுதே! என்ன ஆச்சு?"

யோத்தாம் இறங்கி நடந்ததைச் சொன்னான். ஒளிக்கவில்லை. எலியா கேட்டுக்கொண்டே தலையை ஆட்டினார். துக்கத்திலும் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"குலப் பேரச் சொன்னியா? அவ காதுபடவா? அப்ப அபராதம் உண்டு மாப்பிள்ள. ஒரு ஆடு. உன் பட்டியில பொறந்த ஆடு, ஆமா."

இரண்டு பேர் சிரித்தார்கள். யோத்தாமுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓங்கி அறையலாம் போலிருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை.

எசினாத்தி இடுகாட்டுப் பாதையில் நடக்க ஆரம்பித்தாள். யோத்தாம் பின்னால் போனான், வழக்கம்போலப் பாதையில் இல்லை, ஓரத்துப் புல்லில். குழி மூடிய மண் இன்னும் ஈரமாக இருந்தது. மேலே இறந்தவருடைய தகரத் தட்டும் கவிழ்த்த கோப்பையும் வைத்திருந்தார்கள். அவள் அதன் முன்னே நின்றாள். தோள் குலுங்கியது. அவன் தள்ளியே நின்றான்.

"இங்க வா" என்றாள்.

அவன் அசையவில்லை.

"புல்லுல நிக்காத மாப்பிள்ள. பக்கத்துல வா. யாராவது எங்க அண்ணனுக்குச் சொல்லணும். உன்னத் தவிர யாரு இருக்கா?"

யோத்தாம் பாதையில் ஏறினான். அவள் பக்கத்தில் போய் நின்றான். அவள் உயரம் இவ்வளவுதான் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. தொப்பியைக் கழற்றிக்கொண்டான். காலையில் வனவாசலில் கேட்டபோது இல்லாத பெயர், இப்போது வாய் நிறைய இருந்தது.

"பெரியவரே" என்றான் மண்ணைப் பார்த்து. "உங்க தங்கச்சி எசினாத்தி வந்திருக்காங்க. விடியும்போதே கெளம்பிட்டாங்க. வாசல்ல நிறுத்தி வெச்சுட்டாங்க, அதான் நேரமாயிடுச்சு."